45,000 ரூபாய் எலக்ட்ரிக்கல் சான்றிதழுக்காகச் செயினை அடகு வைக்கலாமா?

விருதுநகர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து 29 வயதுச் சகோதரி எழுதியிருக்கிறார். கணவருக்கு 32 வயது, பத்தாம் வகுப்பு தேறியவர். ஆறு வருடமாக ஓர் ஒப்பந்ததாரரிடம் வீட்டு வயரிங் வேலைக்குப் போகிறார். தினக்கூலி 800 ரூபாய். மாதத்துக்கு 20 நாள் வேலை இருக்கும். பக்கத்து டவுனில் ஒரு தனியார் பயிற்சி மையம், எலக்ட்ரிக்கல் வேலையும் வீட்டு மின்சாதனப் பழுதுபார்ப்பும் சேர்ந்த ஆறு மாத 'டிப்ளமோ'வுக்கு 45,000 ரூபாய் கேட்கிறது. தேர்வுக் கட்டணம் 3,500, டூல் கிட் 6,000 தனி. திங்கள் முதல் வெள்ளி வரை காலை 10 முதல் மதியம் 2 வரை வகுப்பு. "அரசு அங்கீகாரம் பெற்ற சான்றிதழ். இதை வைத்து லைசென்ஸ் எடுக்கலாம், துபாய் போகலாம், உள்ளூரிலேயே இருந்தாலும் 25,000 சம்பளம்" என்று சொல்லியிருக்கிறார்கள். 3,000 ரூபாய் முன்பணம் கட்டியாகிவிட்டது. மீதிக்குச் சகோதரியின் செயினை அடகு வைக்கப் பேச்சு நடக்கிறது. பத்தாவது முடித்துவிட்டுச் சும்மா இருக்கும் 17 வயதுக் கொழுந்தனையும் அங்கேயே சேர்த்துவிடலாம் என்பது மாமியாரின் யோசனை. "வேண்டாம் என்று நான் சொன்னால், முன்னேற விடாமல் தடுத்தவள் என்று பெயர் வரும். சரி என்று சொல்லவும் மனசு வரவில்லை. என்ன செய்யட்டும்?" என்று கேட்கிறார். கடிதத்தின் நடுவில் போகிறபோக்கில் இப்படியும் ஒரு வரி: "போன மாசம் மிக்ஸியில் கார்பன் தேய்ந்து போய், அவருக்கு நேரமில்லாததால் நானே கழற்றி மாட்டினேன்."

அன்புச் சகோதரிக்கு,

செயினை அடகு வைக்க வேண்டாம். உங்கள் மனசு வராததற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் கணவர் முன்னேற நினைப்பதை மதிக்கிறேன், அவர் ஒரு சான்றிதழ் வாங்கத்தான் வேண்டும். ஆனால் அவருக்குப் பயன்படும் சான்றிதழ் வேறு. அதற்கு வேண்டிய முக்கியத் தகுதியை இந்த ஆறு வருட உழைப்பில் அவர் ஏற்கெனவே சம்பாதித்துவிட்டார். அது ஒரு தாளில் எழுதப்படாமல் இருக்கிறது, அவ்வளவுதான்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

வீட்டில் எல்லோரும் 45,000 என்றே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். தேர்வுக் கட்டணமும் டூல் கிட்டும் சேர்ந்தாலே 54,500 ஆகிவிடுகிறது. பெரிய செலவு இன்னும் கணக்கில் வரவில்லை. வாரத்தில் ஐந்து நாள் காலை 10 முதல் 2 வரை வகுப்பு என்றால், எந்த சைட்டிலும் அரைநாள் வேலைக்கு ஆள் எடுக்க மாட்டார்கள். சனி, ஞாயிறு மட்டும் போனால் மாதத்துக்கு 8 நாள், 6,400 ரூபாய். இப்போது வரும் 16,000-ல் 9,600 குறைகிறது. ஆறு மாதத்தில் 57,600 ரூபாய் போய்விடும். முன்பணம் போக மீதியை நகைக்கடனாக வாங்கினால், நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்று வைத்தாலும் 3,000 ரூபாய் ஆகும். பஸ்ஸுக்கு ஒரு நாளைக்கு 60 ரூபாய் என்றால் அது ஒரு 8,000. எல்லாம் சேர்த்தால் 1,23,000 ரூபாயைத் தாண்டுகிறது. ஆறு மாதம் பாதிக்கும் குறைவான வருமானத்தில் குடும்பம் நடத்துவதற்கு நீங்கள் வாங்கப்போகும் கைமாற்றை நான் இதில் சேர்க்கவில்லை.

இனி வரவைப் பார்ப்போம். சான்றிதழ் வந்ததும் கூலி நாளைக்கு 100 ரூபாய் ஏறுகிறது என்று வைத்துக்கொண்டால், 20 நாளுக்கு 2,000 ரூபாய் கூடுதல். போட்ட பணம் திரும்ப ஐந்து வருடத்துக்கு மேல் ஆகும். அந்த 100 ரூபாயாவது ஏறுமா? உங்கள் கணவரே ஒப்பந்ததாரரிடம் கேட்கட்டும்: "இந்தச் சான்றிதழோடு வந்தால் எனக்கு என்ன கூலி தருவீர்கள்?" ஆறு வருடம் அவர் வேலையைக் கண்ணால் பார்த்தவர், ஆறு மாத வகுப்புச் சான்றிதழுக்காகக் கூலியை ஏற்றுவார் என்று எனக்குத் தோன்றவில்லை. 25,000 சம்பளம் என்று சொல்லும் மையத்திடம், போன வருடம் படித்து முடித்தவர்களில் நான்கைந்து பேருடைய போன் நம்பரைக் கேளுங்கள். நீங்களே பேசுங்கள். நம்பர் தரத் தயங்கினால் அதுவே பதில்.

எந்த வேலைக்கு எந்தச் சான்று?

உங்கள் கடிதத்தில் மூன்று தனித்தனி விஷயங்கள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. வீட்டில் நடக்கும் வாக்குவாதத்துக்கே இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

மிக்ஸி, கிரைண்டர், அயர்ன் பாக்ஸ், ஃபேன் பழுதுபார்க்க அரசு உரிமம் எதுவும் தேவையில்லை. மின்சாரப் பாதுகாப்பு குறித்து மத்திய மின்சார ஆணையம் 2023-ல் வெளியிட்ட ஒழுங்குமுறைகளிலேயே இதற்கு விலக்கு இருக்கிறது. 250 வோல்ட்டுக்கு மேற்படாத வீட்டு உபகரணங்கள், விளக்கு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்ச் போன்றவற்றை, மின் அமைப்பின் திறனோ தன்மையோ மாறாமல், மாற்றித் தருகிற வேலைகளுக்கு உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் வர வேண்டியதில்லை. வாடிக்கையாளரும் சுவரில் சான்றிதழ் தொங்குகிறதா என்று பார்ப்பதில்லை. போன தடவை சரிசெய்த மிக்ஸி இன்னும் ஓடுகிறதா என்றுதான் பார்க்கிறார்.

வீட்டுக்குப் புதிதாக வயரிங் செய்வதோ, லோடு கூட்டுவதோ, புதிய சர்க்யூட் இழுப்பதோ அப்படியல்ல. உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர் மூலமாக, தகுதிச் சான்று பெற்றவரின் மேற்பார்வையில்தான் அந்த வேலை நடக்க வேண்டும். இந்த உரிமங்களையும் தகுதிச் சான்றுகளையும் தமிழ்நாட்டில் அரசின் மின் உரிமம் வழங்கும் வாரியம்தான் தருகிறது. தனியார் மையத்தின் டிப்ளமோ எவ்வளவு பெரிய ஃபிரேமுக்குள் மாட்டியிருந்தாலும் உரிமம் ஆகாது. "இதை வைத்து லைசென்ஸ் எடுக்கலாம்" என்ற வாக்கு இங்கேதான் பொய்த்துப்போகிறது.

மூன்றாவது, அரசு வேலையும் பெரிய கம்பெனி வேலையும். மின்வாரியத்தில் கள உதவியாளர் பணிக்கு எலக்ட்ரீஷியன், வயர்மேன் போன்ற பிரிவுகளில் ஐடிஐ முடித்துப் பெறும் தேசியத் தொழிற்சான்றிதழ் கேட்கிறார்கள். வளைகுடா நிறுவனங்களும் பெரும்பாலும் ஐடிஐ சான்றிதழையும் அனுபவத்தையும்தான் பார்க்கின்றன. ஆறு மாத டிப்ளமோவை நம்பி துபாய் கனவு காண வேண்டாம். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்க, மத்திய அரசிடம் பதிவு செய்த முகவருக்கு மட்டுமே அனுமதி. பெயர் பதிவில் இருக்கிறதா என்று இ-மைக்ரேட் இணையதளத்தில் பார்க்கலாம். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இதற்கென்றே இருக்கிறது. பயிற்சி மையம் இந்த இரண்டிலும் சேராது.

உங்கள் கணவர் எழுத வேண்டிய தேர்வு

அவருக்குப் பயன்படும் என்று நான் முதலில் சொன்ன சான்றிதழுக்கு, அரசின் வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை 'மின்கம்பியாள் (வயர்மேன்) உதவியாளர் தகுதிகாண் தேர்வு' என்று ஒரு தேர்வு நடத்துகிறது. 21 வயது நிரம்பியிருக்க வேண்டும், உச்ச வயது கிடையாது. மின் ஒயரிங் தொழிலில் குறைந்தது 5 வருட செய்முறை அனுபவம் வேண்டும். உங்கள் கணவருக்கு ஆறு வருடம் ஆகிவிட்டது. அரசு ஐடிஐ-களில் தேர்வு நடக்கும். அறிவிப்பு மாவட்ட ஆட்சியரின் செய்திக்குறிப்பாக நாளிதழ்களின் உள்ளூர்ப் பக்கத்தில் சின்னதாக வரும், எளிதில் கண்ணில் படாது. அதனால் அருகிலுள்ள அரசு ஐடிஐ அலுவலகத்தில் நேரில் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. இதற்கு ஆகும் செலவை அந்த மையத்தின் கட்டணத்தோடு ஒப்பிடவே முடியாது. ஆறு மாதக் கூலியும் போகாது.

சிக்கல் அனுபவச் சான்றில்தான் வரும். ஒப்பந்ததாரர் அரசு உரிமம் வைத்திருக்கிறாரா என்று உங்கள் கணவருக்குத் தெரியுமா? பல இடங்களில் 'கான்ட்ராக்டர்' என்று அழைக்கப்படுபவர் வேலை தெரிந்த மேஸ்திரியாக இருப்பார், உரிமம் வேறொருவர் பெயரில் ஓடும். அப்படியானால் யாருடைய உரிமத்தில் வேலை நடந்ததோ அவரிடம்தான் கையெழுத்து வாங்க வேண்டும். எந்த வருடம் எந்த மாதத்திலிருந்து, என்ன வேலை, அவரது உரிம எண் எல்லாம் அந்தக் கடிதத்தில் இருக்கட்டும். நல்ல உறவு இருக்கும் காலத்திலேயே இதை வாங்கிவிட வேண்டும். கூலித் தகராறு வந்த பிறகு கேட்டால் கிடைக்காது.

தேர்வுக்குக் கொஞ்சம் படிக்கவும் வேண்டும். கையால் தொழில் கற்றவர்களிடம் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதுதான்: லைட்டுக்கு 1.5 ஸ்கொயர் எம்எம் வயர், பவர் பிளக்குக்கு 2.5, ஏசிக்கு 4 என்று கை தானாகப் போகும். ஏன் என்று கேட்டால் "அப்படித்தான் போடுவோம்" என்பார்கள். எம்சிபி என்ற தானாக விழும் சுவிட்ச் இருக்கும்போது ஆர்சிசிபி என்று இன்னொன்று எதற்கு என்று வீட்டுக்காரர் கேட்டால், "அது கம்பெனிக்காரன் விக்கிறதுக்கு" என்று சொல்பவர்கள்கூட இருக்கிறார்கள். லோடு கூடினாலும் ஷார்ட் ஆனாலும்தான் எம்சிபி விழும். ஈரக்கையோடு கிரைண்டரைத் தொட்டவர் உடம்பு வழியாகப் போகிற கரண்ட் ஓர் ஆம்பியரில் சிறு பங்குதான் இருக்கும். உயிரை எடுக்க அது போதும், 16 ஆம்பியர் எம்சிபிக்கு அது தெரியவே தெரியாது. போன கரண்ட்டும் திரும்பிய கரண்ட்டும் சமமாக இருக்கிறதா என்று பார்ப்பது ஆர்சிசிபி. 30 மில்லி ஆம்பியர் கசிவுக்குள் அது விழுந்துவிடும். உங்கள் கணவர் இதை ஒரு வீட்டுக்காரருக்கு நிதானமாக விளக்கிச் சொல்லும் நாளில், அவர் மேல் வரும் நம்பிக்கைக்குத் தனி மதிப்பு உண்டு.

இந்தப் படிப்புக்கும் காசு வேண்டாம். ஐடிஐ எலக்ட்ரீஷியன் பாடப்புத்தகங்களைச் சென்னை கிண்டியில் உள்ள 'நிமி' என்ற மத்திய அரசு நிறுவனம் தயாரிக்கிறது, தமிழிலும் உண்டு. 'பாரத் ஸ்கில்ஸ்' தளத்தில் போனிலேயே படிக்கலாம். தினம் ராத்திரி அரை மணி நேரம் போதும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேளுங்கள். டூல் கிட்டுக்கு வைத்திருக்கும் 6,000-ல் வயரைக் கவ்விப் பிடித்துக் கரண்ட்டை அளக்கும் நல்ல கிளாம்ப் மீட்டர் ஒன்று வாங்கிக்கொடுத்தால் அது வீண்போகாது.

'அரசு அங்கீகாரம்' என்ற வார்த்தையும் கட்டிய 3,000 ரூபாயும்

ஐஎஸ்ஓ முத்திரை, எம்எஸ்எம்இ என்ற சிறுதொழில் பதிவு, சங்கப் பதிவு எண், டிரஸ்ட் பதிவு. சான்றிதழின் ஓரங்களில் இவை வரிசையாக இருப்பதைப் பார்த்ததும் அரசு அங்கீகாரம் என்று நம்பிவிடுகிறோம். இவற்றில் எதுவும் படிப்புக்குக் கிடைத்த அங்கீகாரம் கிடையாது. ஒரு மிட்டாய்க் கடைகூட எம்எஸ்எம்இ-யில் பதிவு செய்துகொள்ளலாம். ஐடிஐ படிப்பு என்றால் மேலே சொன்ன தேசியத் தொழிற்சான்றிதழ் வரும். குறுகிய காலப் படிப்பு என்றால், என்சிவிஇடி என்ற தேசியத் தொழிற்கல்வி கவுன்சில் அங்கீகரித்த அமைப்பு அதை வழங்க வேண்டும். ஆகவே மையத்தில் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: "சான்றிதழில் கையெழுத்துப் போடப்போவது யார்? படிப்பின் பெயரோடு எழுதிக் கொடுங்கள்." இதை உங்கள் கணவரே போய்க் கேட்கட்டும், மாமியாரையும் அழைத்துப் போகச் சொல்லுங்கள். பதிலை அவர்கள் காதால் கேட்டுவிட்டால், தடுத்தவர் என்ற பெயர் உங்களுக்கு வராது.

போனதோடு வகுப்பறையையும் எட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். முப்பது பேருக்கு ஒரே ஒரு டேபிள் ஃபேனும் வயர் அறுந்த பலகையும்தான் இருக்கிறதா, ஆளுக்கொரு மல்டிமீட்டர் கையில் இருக்கிறதா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். இப்போது வீடுகளுக்கு வரும் பிஎல்டிசி ஃபேன், இண்டக்‌ஷன் அடுப்பு போன்றவற்றில் எலக்ட்ரானிக் போர்டுதான் பழுதாகிறது. போர்டு வேலை சொல்லித்தராத ஒரு மையம் 'வீட்டு உபயோகப் பொருள் சர்வீஸ்' என்று பெயர் வைத்துக்கொள்வதில் அர்த்தமில்லை.

ரசீதில் 'முன்பணம் திருப்பித் தரப்படாது' என்று இருக்கலாம். அந்த ஒரு வரியால் உங்கள் உரிமை முழுதும் போய்விடாது. இல்லாத அங்கீகாரத்தை இருப்பதாகச் சொல்லிப் பணம் வாங்கியிருந்தால், அது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நேர்மையற்ற வணிக நடைமுறை. வகுப்பு தொடங்கும் முன்பே, சேரவில்லை என்றும் பணத்தைத் திருப்பித் தருமாறும் எழுத்தில் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பி, அவர்கள் கொடுத்த நோட்டீஸையும் ரசீதையும் பத்திரமாக வையுங்கள். தராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையான வழக்குகளுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். நேராகச் சொல்வதானால், 3,000 ரூபாய்க்காக ஆணையம் வரை அலைவது உங்களுக்குக் கட்டுப்படியாகாமல் போகலாம். திரும்ப வராவிட்டாலும் அதோடு விட்டுவிடுங்கள். கட்டிவிட்டோமே என்பதற்காக இன்னும் 51,500-ஐக் கொண்டுபோய்க் கொட்டாதீர்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலின் அசலைக் கேட்டால் கொடுக்கவே வேண்டாம். கொடுத்திருந்தால் பணத்துக்கு முன்னால் அதைத் திருப்பி வாங்குங்கள்.

கொழுந்தனுக்கு வேறு வழி

அவர் வயது 17. உங்கள் கணவருக்கு நான் சொல்லாத வழி இவருக்குச் சரியாகப் பொருந்தும்: அரசு ஐடிஐ-யில் இரண்டு வருட எலக்ட்ரீஷியன் படிப்பு. உங்கள் கணவர் அதில் சேர்ந்தால் 24 மாதக் கூலி, 3,84,000 ரூபாய் போய்விடும். வீட்டில் சும்மா இருக்கும் பையனுக்கு அப்படி இழப்பதற்கு எதுவுமில்லை. அரசு ஐடிஐ-யில் பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ், சைக்கிள், புத்தகம், சீருடை எல்லாம் உண்டு. அரசுப் பள்ளியில் படித்தவர் என்றால், 2024-ல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்குமா என்றும் சேரும்போதே கேளுங்கள்.

முடித்த பிறகு ஒரு தொழிற்சாலையில் உதவித்தொகையோடு அப்ரண்டிஸ் பயிற்சி எடுக்கலாம், பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம், மின்வாரிய வேலைக்கும் விண்ணப்பிக்கலாம். இத்தனை வழிகள் திறந்திருக்கும்போது, 17 வயதுப் பையனை ஆறு மாத டிப்ளமோவில் முடக்குவது பெரிய நஷ்டம். மாமியாரிடம் இதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். சேர்க்கை கோடையில் இணையவழியில் நடக்கும், தேதியைத் தவறவிடாதீர்கள்.

மிக்ஸியைக் கழற்றிய உங்களுக்கு

நீங்கள் கேட்காததையும் சொல்கிறேன். கார்பன் தேய்ந்ததைக் கண்டுபிடித்து, கழற்றி, சரியான அளவு வாங்கி மாட்டியிருக்கிறீர்கள். கார்பன் உரசும் செம்பு வளையமான கம்யூட்டேட்டர் கருத்துப்போயிருந்ததா, ஸ்பிரிங் தளர்ந்திருந்ததா என்று பார்த்தீர்களா? பார்த்திருந்தால் உங்களுக்கு இந்தத் தொழிலுக்கான கண் இருக்கிறது. பார்க்கவில்லை என்றால் கற்றுக்கொள்ளலாம்.

வங்கிகள் நடத்தும் ஆர்செட்டி என்ற கிராமப்புற சுயவேலைவாய்ப்பு பயிற்சி நிலையங்களில் 18 வயது நிரம்பிய கிராமத்தவர்களுக்கு இலவசப் பயிற்சி தருகிறார்கள். சாப்பாடும் தங்குமிடமும் இலவசம். வீட்டு மின்சாதனப் பழுதுபார்ப்பு அவர்களின் பாடங்களில் ஒன்று, சுமார் ஒரு மாதம் நடக்கும். தையல், அழகுக்கலை வகுப்புகளைத்தான் பெண்களுக்கு முதலில் சொல்வார்கள். நீங்கள் கேட்க வேண்டியதைக் கேளுங்கள், அடுத்த பேட்ச் எப்போது என்று தெரிந்து பெயர் கொடுத்து வையுங்கள். சுயஉதவிக் குழுவில் இருந்தால் அதையும் சொல்லுங்கள். மிக்ஸி, கிரைண்டர் என்று பழுதாகிறவை பெரும்பாலும் பெண்கள் கையாளும் பொருள்கள். டவுனுக்குத் தூக்கிப்போய் நாலு நாள் காத்திருப்பதைவிட, தெருவிலேயே ஒரு பெண்ணிடம் கொடுத்து வாங்க யாரும் தயங்க மாட்டார்கள். கடை, கடன், மானியம் என்று இப்போதே யோசிக்க வேண்டாம். தெருவில் மாதத்துக்கு எத்தனை பொருள் பழுதாகிறது, யார் எவ்வளவு கொடுத்துச் சரிசெய்தார்கள் என்று இரண்டு மாதம் ஒரு நோட்டில் எழுதுங்கள். அந்த நோட்டைப் பார்த்து முடிவெடுக்கலாம்.

மைக்ரோவேவ் அடுப்பை மட்டும் பயிற்சி இல்லாமல் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கபாசிட்டரில் உயிரைப் பறிக்கும் அளவுக்கு மின்சாரம் தேங்கி நிற்கும்.

இப்போதைக்கு முதல் வேலை அனுபவச் சான்றுதான். ஒப்பந்ததாரர் எழுதித் தர மறுத்தாலோ, அவருக்கே உரிமம் இல்லையென்று தெரிய வந்தாலோ, அதற்கும் வழி இருக்கிறது. வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை நடத்தும் மாலை நேர மின்கம்பியாள் வகுப்பில் பயிற்சி பெற்றுத் தேறியவர்களும் அதே தகுதிகாண் தேர்வை எழுதலாம். உங்கள் பகுதியில் எந்த ஐடிஐ-யில் அந்த வகுப்பு நடக்கிறது என்று, தேர்வு அறிவிப்பை விசாரிக்கப் போகும்போதே சேர்த்துக் கேட்டு வரச் சொல்லுங்கள். மாலை வகுப்பு என்பதால் பகல் கூலி போகாது.